கடைசியாக இடவேண்டிய கையொப்பம்

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எம்மவர் கைகளில் இருந்தவை எவை என்பதை, அன்று நடந்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார். ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஒரு பை. பையினுள் அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், இருந்த நகை, அவற்றோடு பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி. வீட்டைச் சுமந்து வர இயலாது. வீடு எம்முடையது என்று கூறும் தாளையாவது சுமந்து வரலாம் என்பதே அன்றைய எண்ணம். கிணற்றடியையும் பனந்தோப்பையும் இழந்தவர்கள் கூட, அந்த உறுதியைக் கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் கொண்டுசென்று, ஈற்றில் கடல் கடந்து ரொறன்ரோ வரையிலும் கொண்டுவந்து அலுமாரியிற் பூட்டி வைத்திருக்கின்றனர்.

உறுதியின் அருமையை இவ்வளவு அறிந்த அதே சமூகத்தில், இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள கோப்பிக் கடை மேசைகளில், வாசித்தறியாத தாளொன்றிற் பத்து நிமிடத்தில் ஒப்பமிட்டு, வீட்டிற் பாதியைக் கைவிட்டு எழுந்து செல்வோரும் இருக்கின்றனர். கணவன் மனைவி பிரியும்போது வீட்டு உறுதியிலிருந்து ஒருவர் பெயரை நீக்கும் அலுவலையே இங்கு குறிப்பிடுகிறோம். இது பற்றி எமது பத்திரிகைகளில் எவரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. பிரிவைப் பற்றி எழுதுவதே பிரிவை ஊக்குவிப்பது என்று எண்ணும் தயக்கம் ஒரு காரணம். அந்தத் தயக்கத்தின் விலையைச் செலுத்துகிறவர்கள் யார் என்பதைப் பார்த்தபின், மௌனமாக இருப்பது முறையன்று என்று கருதுகிறோம்.

ஒரு மாலை வந்த தாள்

ஆசிரியப் பணியை விட்டு ஆண்டுகள் பல சென்றபின்னும், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் "ரீச்சரிட்டைக் காட்டுவம்" என்று எம்மிடம் கொண்டுவருவோர் உளர். பனிக்கால மாலையொன்றில் அவ்வாறு வந்தவர், இரு பிள்ளைகளின் தாய். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள். பிரிந்து எட்டு மாதங்கள். அவர் நீட்டிய பத்திரம், இருவர் பெயரிலும் உள்ள வீட்டைக் கணவர் பெயருக்கு மட்டும் மாற்றிப் பதியும்படி சட்டத்தரணி ஒருவருக்கு அதிகாரம் அளிப்பது. தனக்கெனத் தனியாகச் சட்ட ஆலோசனை பெற விரும்பவில்லை என்று அவரே கூறுவதாக ஒரு வரியும் அதில் இருந்தது.

"பேரை எடுத்தால் கடனும் என்னை விட்டுப் போயிடும் எண்டு சொல்லுகினம், ரீச்சர். ஒரு கையெழுத்துத்தானே?" என்றார் அவர்.

யார் சொன்னது என்று கேட்டோம். கணவரின் தமையனும், வீடு விற்பனை செய்யும் உறவினர் ஒருவரும் என்றார். கடன் பத்திரம் எங்கே என்று கேட்டோம். அது வங்கியில் இருக்கும் என்றார். அவருக்குரிய பங்குப் பணம் எப்போது கிடைக்கும் என்று கேட்டோம். "பிறகு பார்த்துத் தருவினம்" என்றார். அந்தப் பத்திரத்தை இருமுறை வாசித்தோம். கடன் என்ற சொல்லும் அதில் இல்லை, பணம் என்ற சொல்லும் இல்லை.

அவருக்கு அன்று கூறியதையே இன்று எல்லோருக்கும் கூற விரும்புகிறோம். உறுதியிலிருந்து பெயரை நீக்குவதற்கான கையொப்பம் தவறானதன்று. பல குடும்பங்களுக்கு அது தேவையானதும் ஆகும். ஆனால், பிரிவின் அலுவல்கள் அனைத்திலும் கடைசியாக இடவேண்டிய கையொப்பம் அது. முதலாவதாக இடப்படும்போதே அது ஆபத்தாகிறது.

உறுதி வேறு, கடன் வேறு

எமது மக்களிடையே பரவியுள்ள தவறான எண்ணங்களில் முதன்மையானது, உறுதியும் கடனும் ஒன்றே என்பது. அவை இரண்டு வேறு பத்திரங்கள். உறுதி, வீடு யாருடையது என்று கூறுவது. ஒன்ராறியோவில் அது இன்று தாளாகக் கூட இல்லை. மாகாணத்தின் காணிப் பதிவிற் கணினி மூலம் பதியப்பட்டிருப்பது. மோட்கேஜ் என்று நாம் அழைக்கும் வீட்டுக் கடன், யார் திருப்பிச் செலுத்தப் பொறுப்பு என்று கூறுவது. முன்னையது இரு உரிமையாளர்களுக்கு இடையிலான அலுவல். பின்னையது வங்கிக்கும் ஒப்பமிட்டவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். கணவனும் மனைவியும் தமக்குள் என்ன பேசிக்கொண்டாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. எழுத்தில் வங்கி விடுவிக்கும் வரை, ஒப்பமிட்ட இருவரில் எவரிடமும் முழுக் கடனையும் கேட்கும் உரிமை அதற்கு உண்டு.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வீட்டின் விலை 9 இலட்சம் டொலர். கடன் 5 இலட்சம். கடன் போக எஞ்சுவது 4 இலட்சம். இருவர் பெயரிலும் சமமாக உள்ள வீடாயின் ஒருவர் பங்கு 2 இலட்சம். மேலே கூறிய பெண் அன்று ஒப்பமிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? கையில் உறுதியாக இருந்த 2 இலட்சம், வழக்காடிப் பெறவேண்டிய 2 இலட்சமாக மாறியிருக்கும். 5 இலட்சம் கடனோ அவர் பெயரில் அப்படியே இருந்திருக்கும். கணவர் இரு தவணை செலுத்தத் தவறினாலும் இவருடைய கடன் மதிப்பும் கெடும். இவர் நாளை ஒரு சிறிய தொடர்மாடி வீட்டை வாங்க விரும்பினாலும், பழைய கடன் இவர் கணக்கிலேயே சேரும்.

இது பெண்களுக்கு மட்டும் நேர்வதன்று. "பிள்ளைகள் இருக்கட்டும், நான் போகிறேன்" என்று பெயரை எழுதிக்கொடுத்து வெளியேறிய தந்தையரும் எம்மிடையே உள்ளனர். நிலக்கீழ் அறையொன்றில் வாடகைக்கு இருந்துகொண்டு, தமக்கு உரிமையே இல்லாத வீட்டின் கடனுக்குப் பொறுப்பாளியாகத் தொடர்கின்றனர். பெருந்தன்மை நல்லதே. ஆனால் அதையும் வங்கியின் கடிதம் கைக்கு வந்தபின் காட்டலாம்.

வரிசை மாறக்கூடாது

அப்படியாயின் எது முதல், எது முடிவு? சட்டத்தரணிகள் இதை விரிவாகக் கூறுவர். பொது அறிவுக்காகச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, வீட்டின் இன்றைய விலையை அறிதல். இதை உறவினரான முகவரின் வாய்ச்சொல்லால் அறியக்கூடாது. இருதரப்புக்கும் பொதுவான, தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் எழுத்து மூலமான அறிக்கையால் அறிய வேண்டும். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வீடுகளின் சராசரி விலை 13 இலட்சம் டொலரைக் கடந்திருந்தது. அடுத்த மாதங்களிலேயே அது இறங்கியது. ஆறு மாத வித்தியாசத்தில் ஒருவரின் பங்கு பல்லாயிரம் டொலரால் மாறக்கூடிய நகரம் இது. எந்த நாளின் விலை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இருவரும் தமது சொத்துகளையும் கடன்களையும் ஒளிக்காமற் கூறுதல். சேமிப்பு, ஓய்வூதியம், வாகனம், கடை, சீட்டுக் காசு, கடன் அட்டை எல்லாம் இதில் அடங்கும். மணம் புரிந்தோரின் கணக்கில், ஊரிலுள்ள வீடு வளவின் பெறுமதியும் சேரும். முக்கியமான சொத்தை ஒருவர் மறைத்திருந்தால், அல்லது ஒப்பமிட்டவர் அதன் விளைவை விளங்கிக்கொள்ளாமல் ஒப்பமிட்டிருந்தால், உடன்படிக்கையைத் தள்ளிவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே மறைப்பவருக்கும் அதனால் நிலையான நன்மை இல்லை.

மூன்றாவது, பிரிவு உடன்படிக்கை. ஒன்ராறியோவின் குடும்பச் சட்டத்தின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் ஒப்பமிட வேண்டும், சாட்சி இருக்க வேண்டும். பெரியவர்கள் நடுவே கூறிய வாய்ச்சொல் உடன்படிக்கை ஆகாது. இருவருக்கும் தனித்தனிச் சட்டத்தரணிகள் வேண்டும் என்பதை வலியுறுத்துகிறோம். "ஒரு சட்டத்தரணி போதும், காசு மிச்சம்" என்று கூறப்படும் இடத்தில், யாருடைய காசு மிச்சமாகிறது என்று கேளுங்கள். எழுத்து மூலமான உடன்படிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. அதன்படி துணைவர்களுக்கிடையே நடைபெறும் உரிமை மாற்றத்துக்கு மாகாணத்தின் காணி மாற்ற வரியிலிருந்தும், 2008 முதல் ரொறன்ரோ மாநகரம் தனியாக அறவிடும் வரியிலிருந்தும் விலக்குப் பெறலாம்.

நான்காவது, வங்கி. வீட்டை வைத்துக்கொள்பவர் தனது வருமானத்தில் மட்டும் கடனைப் பெறத் தகுதி உடையவரா என்று வங்கி பார்க்கும். 2022 தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் அடிப்படை வட்டி, 2023 ஜூலையில் 5 வீதமாக உயர்ந்ததை நாம் கண்டோம். இரு சம்பளத்திற் கட்டிய வீட்டை ஒரு சம்பளத்தில் தாங்க முடியுமா என்பது மானத்தால் விடை காணும் கேள்வியன்று. முடியாதாயின் வீட்டை விற்று, கடனை அடைத்து, எஞ்சியதைப் பங்கிடுவதே இருவருக்கும் நல்லது. "வீட்டை வித்திட்டினம்" என்று ஊர் பேசும். வங்கி வந்து விற்றால் இன்னும் கூடுதலாகப் பேசும்.

இவை யாவும் முடிந்தபின்னரே ஐந்தாவது அலுவல், உரிமை மாற்றம். ஒப்பமிட்ட பத்திரம் சட்டத்தரணியின் பொறுப்பில் இருக்கும். வங்கியின் விடுதலையும் பங்குப் பணமும் வந்து சேரும் நாளிலேயே அது பதியப்படும். பணம் ஒரு நாள், பதிவு இன்னொரு நாள் என்று விடுவது, ஆற்றின் நடுவே தோணி மாறுவதற்கு ஒப்பானது.

ஒருவர் ஒப்பமிட மறுத்தால் என்ன செய்வது? வற்புறுத்தலும் வேண்டாம், கள்ளக் கையொப்பமும் வேண்டாம். கூட்டாக உள்ள வீட்டை விற்குமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் "எனக்கே விற்க வேண்டும்" என்று கேட்பதற்குப் பொதுவாக உரிமை இல்லை என்பதை இருதரப்பும் அறிந்துகொண்டால், பேச்சு விரைவில் முடியும். மற்றவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுத்து "நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்று விடுவதும் வேண்டாம்.

நீக்காமல் விடுவதும் ஆபத்தே

இதைக் கேட்டு, "அப்படியானால் எதையும் தொடாமல் விட்டுவிடுவோம்" என்று சிலர் முடிவு செய்வர். பிரிந்து பத்தாண்டுகள் ஆகியும் இரு பெயர்களும் உறுதியில் உறங்கும் வீடுகள் எம்மிடையே பல உண்டு. கோவிலிலும் கொண்டாட்டத்திலும் "இன்னும் சேர்ந்துதான் இருக்கினம்" என்று காட்ட உதவும் உறக்கம் அது. ஆனால் சட்டம் உறங்குவதில்லை.

கணவனும் மனைவியும் பெரும்பாலும் வீட்டைக் கூட்டுரிமையில் வாங்குகின்றனர். இவ்வகை உரிமையில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவரையே சேரும். மரண சாசனத்தில் பிள்ளைகளுக்கென்றோ வயோதிபத் தாய்க்கென்றோ எழுதியிருந்தாலும் அது செல்லாது. அன்பாக வாழும் காலத்தில் இது பாதுகாப்பு. பிரிந்தபின், எவரைப் பிரிந்தோமோ அவருக்கே எல்லாம் சேரும் வழி.

2012இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹான்சன் வழக்கில், முதிய கணவர் வீட்டை விட்டு வெளியேறி, பிரிவுப் பேச்சைத் தொடக்கி, பிள்ளைகளுக்குச் சாசனமும் எழுதியபின் இறந்துபோனார். உறுதியிலோ கூட்டுரிமை அப்படியே இருந்தது. இருவரும் நடந்துகொண்ட முறையே கூட்டுரிமையை முறித்துவிட்டது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியதால், அவர் பங்கு அவர் எழுதிய சாசனத்தின் வழி சென்றது. ஆனால் அதற்கு முன் கீழ் நீதிமன்றம் எதிராகத் தீர்த்திருந்தது. உயிரோடு இருக்கும்போது ஒரு பத்திரத்தால் முடிந்திருக்கும் அலுவல், இறந்தபின் இரு நீதிமன்றங்களைக் கண்டது. பிரியும் ஒருவர், மற்றவரின் சம்மதம் இன்றியே சட்டத்தரணி மூலம் கூட்டுரிமையை முறித்துத் தனிப் பங்குரிமையாக மாற்றலாம். அதன்பின் மற்றவர் முதலில் இறந்தால் அவர் பங்கு நமக்கு வராது என்பதையும் எண்ணியே அதைச் செய்ய வேண்டும்.

காலக்கெடுவும் உண்டு. மணம் புரிந்தோர் தமது சொத்துப் பெருக்கத்தைச் சமப்படுத்தக் கோரும் உரிமைக்கு, சேர்ந்து வாழும் நம்பிக்கை இன்றிப் பிரிந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள், அல்லது விவாகரத்திலிருந்து 2 ஆண்டுகள், இவற்றுள் எது முந்துமோ அதுவே பொதுவான எல்லை. விவாகரத்துக் கிடைத்தால் உறுதியிற் பெயர் தானாக நீங்கிவிடும் என்று எண்ணுவோரும் தவறுகின்றனர். விவாகரத்து மணத்தை முடிக்கிறது. உறுதியை அது தொடுவதில்லை.

சகோதரர்களின் பெயர் பற்றியும் ஒரு சொல். நாம் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் எவருக்கும் கடன் மதிப்பு இருக்கவில்லை. தம்பியும் மச்சானும் சேர்ந்து ஒப்பமிட்டே பல வீடுகள் வாங்கப்பட்டன. அந்த ஒற்றுமையாலேயே நாம் இங்கு நிமிர்ந்தோம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த வீட்டில் ஒரு தம்பதி பிரிந்தால், உறுதியிலுள்ள மூன்றாவது பெயரும் கணக்கினுள் வரும். உதவிக்காக இட்ட பெயரா, பணம் போட்ட பெயரா என்பதை இன்று எழுதி வைத்தால், நாளை சகோதரர்கள் பகையாக நேராது.

"வெள்ளைக்காரச் சட்டம்" என்போருக்கு

பெண்ணுக்குப் பாதி என்பது இந்த நாட்டில் வந்து பழகிய பழக்கம் என்றும், எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்றும் கூறுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய சொல்லை நினைவூட்ட விரும்புகிறோம். தேடியதேட்டம். யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706, 1707ஆம் ஆண்டுகளில் தொகுத்தார். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அந்தத் தேசவழமை, முதுசம் என்றும் சீதனம் என்றும் தேடியதேட்டம் என்றும் சொத்தை வகுத்தது. மணவாழ்வில் தேடிய தேட்டம் இருவருக்கும் உரியது என்பது எமது முன்னோர் அறிந்த நியாயமே.

அதே வழமையின்படி, மனைவி தனது சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதை நாம் போற்றவில்லை. ஆனால் பாதிப் பங்கு என்ற எண்ணத்தை எவரும் எமக்குக் கடன் தரவில்லை.

உண்மையில் கனடாவே இதைப் பின்னர்தான் கற்றது. அல்பேர்ட்டாவில் கணவனோடு பல ஆண்டுகள் மாட்டுப் பண்ணையில் உழைத்த ஐரீன் மேர்டொக் என்ற பெண்ணுக்கு அந்தப் பண்ணையிற் பங்கில்லை என்று 1973இல் கனடிய உயர் நீதிமன்றம் தீர்த்தது. உறுதி கணவன் பெயரில் இருந்ததே காரணம். நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னரே சட்டங்கள் மாறின. ஒன்ராறியோவில் 1978இல் ஒரு சட்டமும், 1986இல் இன்றைய குடும்பச் சட்டமும் வந்தன. இன்று மணம் புரிந்தோர் வாழும் இல்லத்தை, உறுதி யார் பெயரில் இருந்தாலும், மற்றவரின் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. அதில் வசிக்கும் உரிமை இருவருக்கும் சமம். அடிக்கும் கையிடமிருந்து தப்பி வெளியேறிய பெண், வெளியேறியதால் மட்டும் வீட்டுரிமையை இழப்பதில்லை. தானும் பிள்ளைகளும் தனித்து அந்த வீட்டில் வசிப்பதற்கு நீதிமன்றக் கட்டளையும் கேட்கலாம்.

ஆனால் மணம் புரியாமற் சேர்ந்து வாழ்ந்தோருக்கு இப்பாதுகாப்புகள் இல்லை. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் சொத்துச் சமப்படுத்தும் உரிமை தானாக வராது. தாலி கட்டியும் பதிவு செய்யாமல் விட்டவர்கள், ஊரில் ஒரு மணம் முடிவுறாமல் இங்கு இன்னொரு வாழ்வு தொடங்கியவர்கள் எம்மிடையே உளர். போரும் பிரிவும் செய்த வேலை இது. இவர்கள் தமது நிலையைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே ஒளிக்காமற் கூறவேண்டும்.

றோசா பெக்கர் என்ற பெண்ணின் கதையை இத்தகையோர் அறிந்திருத்தல் நன்று. அவரும் எம்மைப் போல் வந்தேறியவர். 1955இல் மொன்றியலில் லோதர் பெற்கஸ் என்பவரைச் சந்தித்தார். மணம் புரியாமலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தனர். தொடக்கத்தில் அவர் உழைப்பில் வீட்டுச் செலவு நடந்தது, மற்றவர் உழைப்பு வங்கியிற் சேர்ந்தது. அந்தச் சேமிப்பில் நிலம் வாங்கித் தேனீப் பண்ணை வைத்தனர். உறுதி ஆண் பெயரில். பிரிந்தபின் வழக்காடி, 1980இல் கனடிய உயர் நீதிமன்றத்தில் அவர் பாதியை வென்றார். நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்பு அது. ஆனால் வென்ற பணத்தில் ஏறத்தாழ எதுவும் அவர் கைக்கு வரவில்லை. கிடைத்த சிறிதும் வழக்குச் செலவுக்கே போயிற்று. 1986இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நீதி கிடைப்பதும் பணம் கிடைப்பதும் ஒன்றல்ல. உரிய நேரத்தில் உறுதியில் எழுதப்படும் ஒரு பெயர், பின்னர் வெல்லும் பெரிய வழக்கை விடப் பெறுமதியானது.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்

குடும்பத்தில் பிணக்கு வந்தால் பெரியவர்கள் கூடிப் பேசுவது எமது நல்ல வழமை. அதைக் கைவிடும்படி நாம் கூறவில்லை. பிள்ளைகள் யாரோடு இருப்பர், நகைகள் யாரிடம் சேரும், பேச்சுவார்த்தை அறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவற்றில் அவர்கள் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆனால் ஒருதரப்பு உறவினர் நால்வர் சூழ்ந்திருக்க, அழுது வீங்கிய கண்ணோடு இருக்கும் ஒருவரிடம் பேனாவை நீட்டுவது சமாதானம் அன்று. கடன் எடுத்துக்கொடுப்போரும் வீடு விற்போரும் நல்லவர்களாகவே இருக்கலாம். அவர்களுக்கு அந்த மாற்றத்தால் வருமானம் உண்டு என்பதும் உண்மை. "நாலு நாள் கழித்து, உன் சட்டத்தரணி பார்த்தபின் கையெழுத்து வை" என்று கூறும் பெரியவரே பெரியவர்.

ஊர்க் காணியையும் இதனோடு கலக்க வேண்டாம். ஒன்ராறியோ உடன்படிக்கை அதன் பெறுமதியைக் கணக்கிற் சேர்க்கும். அந்தக் காணியின் உறுதியை மாற்றுவதோ, அங்கே நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதிப் பதியப்பட வேண்டிய தனி அலுவல்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்று தயங்குவோருக்குச் சில வாசல்கள் உண்டு. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவச ஆலோசனை பெறலாம். குடும்ப நீதிமன்றங்களில் இலவசத் தகவல் நிலையங்கள் உள்ளன. வருமானம் குறைந்தோருக்கு மாகாணச் சட்ட உதவி உண்டு. வீடு உடையோருக்கு உதவும்போது அந்த வீட்டின் மீது பொறுப்புப் பதியப்படலாம் என்பதையும் கேட்டறிக. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு 1985 முதல் இயங்கும் பார்பரா ஷ்லிஃபர் நினைவு நிலையம் ரொறன்ரோவிலேயே இருக்கிறது. ஆங்கிலம் தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை அழைத்துச் சென்று, பெற்றோரின் பிரிவைப் பெற்றோருக்கே மொழிபெயர்க்கச் செய்யாதீர்கள். அந்தச் சொற்களை அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் சுமக்கும்.

அன்று மாலை வந்த பெண் அந்தத் தாளில் ஒப்பமிடவில்லை. அதனாற் கோபித்தவர்கள் பலர். அவர்களிற் சிலர் இன்றும் எம்மோடு பேசுவதில்லை. பதினொரு மாதங்களின் பின், உடன்படிக்கை எழுதி, வங்கி அவர் பெயரை விடுவித்து, பங்குப் பணம் அவர் சட்டத்தரணியிடம் வந்து சேர்ந்த நாளில், அதே வீட்டுக்கான அதே மாற்றம் பதியப்பட்டது. கணவருக்கு வீடு கிடைத்தது. மனைவிக்குத் தலைக்கு மேலிருந்த கடன் நீங்கி, கையிற் காசும் வந்தது. இருவரும் இன்று பிள்ளைகளின் பாடசாலை நிகழ்ச்சிக்கு வந்து ஒரே வரிசையில் அமர்கின்றனர். முதல் நாளே ஒப்பமிட்டிருந்தால் அந்த வரிசையில் இருவருக்கும் இடம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

செல்லுக்கும் மழைக்கும் தப்ப வைத்துப் பொலித்தீனிற் சுற்றிக் கொண்டுவந்த உறுதிக்குக் காட்டிய கவனத்தில் ஒரு பங்கை, இந்த நாட்டில் எமது உழைப்பாற் தேடிய தேட்டத்துக்கும் காட்டுவோமாக. பிரிய நேர்ந்தால் பகையின்றிப் பிரிவோம். பெயரை நீக்க நேர்ந்தால் நீக்குவோம். ஆனால் மற்ற எல்லாம் எழுதி முடித்தபின், கடைசியாக.